கடமான் வேட்டைக்கு எந்த அம்பு: எடையா, வேகமா, முனையா?

திருநகர்க்காரன்

ஆசான்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். என் சொந்த ஊர் திருநகர், வேலை மெல்பர்னில். இப்போது விடுப்பில் ஊருக்கு வந்து, நாகமலைப் பக்கம் உள்ள திடலில் மாலை வேளைகளில் பயிற்சி செய்து வருகிறேன். திரும்பிச் சென்றதும் விக்டோரியா மாநிலத்தின் கிழக்கு மலைக்காடுகளில், முறையான உரிமத்துடன், முதன்முறையாக வில்லால் கடமான் வேட்டைக்குச் செல்ல இருக்கிறேன். நம் மேகமலையிலும் வருசநாட்டிலும் மிளா என்று சொல்கிறோமே, அதே இனம்தான். 1860-களில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அங்கே கொண்டுபோய் விடப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள் இன்று அந்த மலைகளில் பல்கிப் பெருகியுள்ளன.

என்னுடையது 60 பவுண்டு இழுவிசை உள்ள காம்பவுண்டு வில் (கப்பிகள் பொருத்தியது). இழுநீளம் 28 அங்குலம். இப்போதுள்ள அம்பு 28 அங்குலக் கார்பன் தண்டு, ஸ்பைன் (தண்டின் விறைப்பைக் காட்டும் எண்) 400, எடை அங்குலத்துக்கு 8.2 கிரெயின், முனை 100 கிரெயின். முனையைத் திருகும் இன்செர்ட், நாணில் பொருந்தும் நாக், வாலில் ஒட்டிய மூன்று வேன்கள் எல்லாம் சேர்த்து 371 கிரெயின். வேகம் நொடிக்கு 270 அடி. பலகையில் நன்றாகக் குழுமி விழுகிறது. ஆனால் வளர்ந்த ஆண் கடமான் 250 கிலோவுக்கு மேலும் எடை வைக்கக்கூடியது, தோலும் தடித்தது. இந்த அம்பு அதற்குப் போதுமா, அல்லது முற்றிலும் வேறு அம்பு தயாரிக்க வேண்டுமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

கோ.புதூர் கணக்கர்

போதுமா என்ற கேள்விக்கு முன்பே சட்டம் குறுக்கே நிற்கிறது. விக்டோரியாவில் கடமானுக்கு வில்லின் இழுவிசை குறைந்தது 50 பவுண்டு இருக்க வேண்டும். முனையோடு சேர்ந்த அம்பின் எடை 26 கிராமுக்குக் குறையக் கூடாது. ஒரு கிராம் 15.43 கிரெயின் என்ற கணக்கில் அது 401 கிரெயின் ஆகிறது. உங்கள் 371 கிரெயின் அம்பு 24 கிராம்தான். ஆகவே இந்த அம்போடு நீங்கள் காட்டுக்குள் கால் வைக்கவே முடியாது. வில் மட்டும் விதிக்குள் அடங்குகிறது.

எடையைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 450,240-ஆல் வகுத்தால் இயக்க ஆற்றல் அடி-பவுண்டில் கிடைக்கும். உங்கள் இப்போதைய அம்புக்கு அது ஏறத்தாழ 60. அதே வில்லில் 493 கிரெயின் அம்பை வைத்தால் வேகம் 240 அடியை ஒட்டிக் குறையும். ஆற்றல் 63 ஆகும். ஆற்றலில் பெரிய மாற்றம் இல்லை, ஏனெனில் வில் தருவது ஏறக்குறைய அதே உழைப்பைத்தான்; கனமான அம்பு அதைச் சற்றுக் கூடுதலாக வாங்கிக்கொள்கிறது. ஆனால் உந்தத்தைப் பாருங்கள். எடையையும் வேகத்தையும் பெருக்கி 225,400-ஆல் வகுத்தால் முதல் அம்புக்கு 0.44, இரண்டாவதற்கு 0.52. ஏறத்தாழ 18 விழுக்காடு கூடுதல். தோல், தசை, விலா என்று தடுத்துக்கொண்டே இருக்கும் பொருளுக்குள் தொடர்ந்து முன்னேற அந்த உந்தம்தான் உதவும்.

மேலூர் வில்லாளி

கணக்கர் ஐயாவின் எண்களை மறுக்கவில்லை. ஆனால் அவை விலங்கை அடைந்த பிறகு நடப்பதை மட்டுமே சொல்கின்றன. அதற்கு முன் அம்பு சரியான இடத்தில் போய்ப் பட வேண்டாமா? மலைச் சரிவில், மரங்களுக்கு நடுவே, தொலைவை ஐந்து மீட்டர் தவறாகக் கணிப்பது சாதாரணம். வேகமான அம்பு அந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்ளும். மெதுவான அம்பு பொறுக்காது. மேலும் கடமான் காது மிகக் கூர்மையானது. நாண் அதிரும் ஒலி நொடிக்கு 340 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அம்போ அதில் கால் பங்கு வேகத்தைக்கூட எட்டுவதில்லை. ஒலி கேட்டுக் குனிந்து பாயத் தொடங்கும் மானின் மீது அம்பு மேலே பட்டுவிடும். ஆகவே தம்பி சட்ட அளவைத் தாண்டி 410 அல்லது 420 கிரெயினில் நிறுத்திக்கொண்டு, வேகத்தைக் காப்பாற்றிக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. வெளிநாட்டு வேட்டையாளர்கள் சிலர் 650 கிரெயின் என்று பேசுவது 60 பவுண்டு வில்லுக்குப் பொருந்தாது.

கோ.புதூர் கணக்கர்

மேலூரார் எழுப்பியது நியாயமான கேள்வி என்பதால் காற்றுத் தடையை மட்டும் விட்டுவிட்டுக் கணக்கிட்டுப் பார்த்தேன். மான் 30 மீட்டரில் நிற்கிறது, நீங்கள் 25 என்று எண்ணி எய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 371 கிரெயின் அம்பு 11 செ.மீ. தாழ விழும், 493 கிரெயின் அம்பு 14 செ.மீ. தாழ விழும். வேறுபாடு மூன்று செ.மீ. கடமானின் நுரையீரல் பரப்பு 25 செ.மீ. அகலத்துக்குக் குறையாது என்பதை நினைவில் வைத்தால், இது அம்பைத் தீர்மானிக்கும் அளவுக்குப் பெரிய வேறுபாடு அல்ல. அதுவே மான் 45 மீட்டரில் நின்று நீங்கள் 40 என்று எண்ணினால் 16 செ.மீ., 21 செ.மீ. என்று ஆகிறது. அப்போது இரண்டு அம்புமே நுரையீரலைத் தவறவிடும் நிலைக்கு வந்துவிடுகின்றன. 650 கிரெயினை இதே வில்லில் எய்தால் வேகம் 210 அடியை ஒட்டி இறங்கி, 30 மீட்டரிலேயே பிழை 18 செ.மீ. ஆகிறது. அந்த இடத்தில் மேலூரார் சொல்வது முற்றிலும் சரி.

ஒலியைப் பற்றி: 30 மீட்டரை ஒலி 0.09 நொடியில் கடக்கிறது. இலகு அம்பு 0.36 நொடி, கன அம்பு 0.41 நொடி. இரண்டிலுமே மானுக்குக் கால் நொடிக்கு மேல் அவகாசம் கிடைத்துவிடுகிறது. கன அம்பு வில்லின் ஆற்றலைக் கூடுதலாக வாங்கிக்கொள்வதால் வில் எழுப்பும் ஒலியும் குறைகிறது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

நாகமலை ஆசான்

தம்பி, எடையையும் வேகத்தையும் பற்றிய இந்த உரையாடல் பயனுள்ளதுதான். ஆனால் வரிசை தலைகீழாக இருக்கிறது. அம்பு நேராகப் பறக்கிறதா என்பது முதலில் தீர வேண்டும். எட் ஆஷ்பி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980-களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் வேட்டை விலங்குகளின் உடல்களில் அம்பு எவ்வளவு ஆழம் செல்கிறது என்பதை ஆராய்ந்தார். மேலூரார் குறிப்பிட்ட 650 கிரெயின் அவருடைய ஆய்விலிருந்து வந்ததுதான். கனத்த எலும்பை உடைப்பதற்கான எல்லையாக அவர் அதைக் கூறினார். ஆனால் அவருடைய வரிசையில் முதலிடம் அம்பு எங்கும் உடையாமலும் வளையாமலும் இருப்பதற்கு. இரண்டாமிடம் குறையற்ற பறத்தலுக்கு. எடை அதற்குப் பின்னால்தான் வருகிறது. வால் ஆடிக்கொண்டே போய்ப் படும் அம்பு, தன் ஆற்றலைத் தண்டின் வளைவிலும் காயத்தின் சுவரிலும் தொலைத்துவிடும். அது 500 கிரெயின் இருந்தென்ன, 600 இருந்தென்ன?

எனவே ஸ்பைனைப் பற்றிப் பேசுவோம். 28 அங்குல இடைவெளியில் இரு முனைகளையும் தாங்கி, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் தண்டு எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் தொய்கிறதோ, அதுவே ஸ்பைன் எண். 400 என்றால் 0.400 அங்குலத் தொய்வு. 340 என்றால் 0.340. எண் குறையக் குறைய விறைப்பு கூடும். இது அசையாத தண்டின் கணக்கு. நாண் பின்னாலிருந்து தள்ளும்போது முன்முனையின் கனம் நகர மறுக்கிறது. இரண்டுக்கும் நடுவே தண்டு வில்லாக வளைகிறது. முன்முனையில் எடையைக் கூட்டினால் அதே தண்டு இன்னும் மென்மையாக நடந்துகொள்ளும். தண்டை அரை அங்குலம் குறைத்தால் விறைப்பாக நடந்துகொள்ளும். உங்கள் 400 தண்டில் முனையை மட்டும் 150 ஆக்கி, பித்தளை இன்செர்ட்டையும் போட்டால், எடை கூடும், பறத்தல் கெடும். ஆகவே தண்டையே மாற்ற வேண்டும்.

என் பரிந்துரை இது. 340 ஸ்பைன் தண்டு, அங்குலத்துக்கு 9.5 கிரெயின் அளவில். 28 அங்குலத்துக்கு 266 கிரெயின் ஆகும். 50 கிரெயின் பித்தளை இன்செர்ட், 150 கிரெயின் முனை, நாக்கும் வேன்களும் 27. கணக்கர் சொன்ன 493 இப்படித்தான் வரும். அம்பின் சமநிலைப் புள்ளி நடுவிலிருந்து முன்னோக்கி எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை மொத்த நீளத்தில் விழுக்காடாகச் சொல்வார்கள். உங்கள் பழைய அம்பில் அது 12 அல்லது 13, இதில் 18 வரை போகும். முன்பகுதி கனத்த அம்பை வால் எளிதில் வழிக்குக் கொண்டுவரும். உள்ளே நுழைந்த பிறகும் தண்டு பின்னாலிருந்து தள்ளுவதைவிட முனை முன்னாலிருந்து இழுப்பதே மேல். 340-உம் மென்மையாகத் தெரிந்தால் 300-க்குப் போக வேண்டியிருக்கலாம். அதை அட்டவணை சொல்லாது; காகிதம்தான் சொல்லும்.

ஒரு மரச் சட்டத்தில் காகிதத்தை இறுக்கமாக ஒட்டி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று அதன் வழியே எய்து பாருங்கள். முனை போன இடம் ஒரு வட்டத் துளை. வேன்கள் போன இடம் மூன்று கீறல். வட்டத்தின் நடுவிலிருந்து மூன்று கீறலும் சமமாகப் பிரிந்திருந்தால் அம்பு நேராகச் செல்கிறது. துளையிலிருந்து கீறல்கள் மேலே விலகியிருந்தால் நாணில் அம்பைப் பொருத்தும் இடம் உயர்ந்திருக்கிறது என்று முதலில் ஐயப்படுங்கள். பக்கவாட்டில் விலகியிருந்தால் அம்பு தாங்கி, பிடியில் கையின் திருகல், பிறகு ஸ்பைன் என்ற வரிசையில் பாருங்கள். பிடியைச் சரிசெய்யாமல் தண்டின் மேல் பழிபோட்டு மாற்றிக்கொண்டே இருப்பவர்களைத் திடலில் அடிக்கடி பார்க்கிறேன்.

பேரையூர் சம்சாரி

மக்காச்சோளமும் நிலக்கடலையும் விதைத்து, பாதியைக் காட்டுப்பன்றிக்குக் கொடுத்துக்கொண்டிருப்பவன் நான். சாப்டூர் மலையடிவாரத்தில் இரவெல்லாம் காவல் இருக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் பேசும் இதே வில்லும் அம்பும் பன்றிக்கு ஆகுமா, ஆசான் ஐயா?

நாகமலை ஆசான்

ஆகாது, சம்சாரி அண்ணே. அம்பின் திறனைப் பற்றிய கேள்வியே அங்கு எழவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் வில்லாலும் வேட்டையாடக் கூடாது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுட 2025-இல் மாநில அரசு அனுமதித்ததும் வனத்துறையினருக்குத்தான், உழவருக்கு அல்ல. உங்கள் இழப்புக்கு வனத்துறையில் மனு கொடுத்து இழப்பீடு கேளுங்கள். உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தத் திடலில் பயின்ற யாரும் இங்குள்ள எந்த உயிரின் மீதும் அம்பைத் திருப்பக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

திருப்பாச்சேத்திப் பட்டறை

எல்லோரும் தண்டைப் பற்றியே பேசுகிறீர்கள். வெட்டுவது முனைதானே? அம்பு துப்பாக்கிக் குண்டைப்போல் அதிர்ச்சியால் விலங்கைச் சாய்ப்பதில்லை. இரத்தக் குழாய்களை அறுத்துத்தான் சாய்க்கிறது. மழுங்கிய அலகு குழாயை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போகும். கூரிய அலகு அறுத்துவிட்டுப் போகும். மழுங்கிய அலகால் கிழிந்த காயத்தில் இரத்தம் விரைவில் உறையும். கூரிய அலகால் அறுபட்டதில் நிற்காமல் ஓடும்.

நாங்கள் தலைமுறையாக அரிவாள் அடிக்கிறோம். பதம் என்பது இரும்பின் உயிர். அதிகம் பதம் ஏற்றினால் எலும்பில் பட்டதும் அலகு பொடியும். குறைவாக ஏற்றினால் மடங்கும். நல்ல வேட்டை முனைகள் ராக்வெல் அளவில் 52 முதல் 58 வரை கடினம் உள்ள எஃகில் வருகின்றன. அதற்கும் கீழே கடினம் உள்ளதை விலை குறைவு என்று வாங்காதீர்கள். பெட்டியிலிருந்து எடுத்ததும் கூராகத்தான் இருக்கும் என்று நம்பவும் வேண்டாம். ஒரு ரப்பர் வளையத்தைத் தளர்வாக நீட்டிப் பிடித்து, அலகை அதன்மேல் அழுத்தாமல் வைத்து இழுங்கள். உடனே அறுந்தால் சரி. சறுக்கினால் மீண்டும் சாணைக்கல்லுக்குக் கொண்டுபோக வேண்டும். கல்லில் தேய்த்ததும் மறுபக்கம் ஓர் இழை போலப் பிசிறு எழும். அதைத் தோல்வாரில் நீக்காமல் விட்டால், முதல் விலாவிலேயே அது மடிந்து அலகைக் கெடுத்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்த ஒருபக்கச் சாய்வு அலகு வாங்குவதாக இருந்தால், வலச்சாய்வு முனைக்கு வலச்சுழல் வேன் (அம்பை வலப்பக்கம் சுழற்றும்படி திருகலாக) ஒட்ட வேண்டும். முனை உள்ளே ஒரு பக்கம் திரும்ப, தண்டு வெளியே மறுபக்கம் சுழன்றால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும்.

மேலூர் வில்லாளி

பட்டறை அண்ணன் சொன்னதிலிருந்து ஒரு கேள்வி. விலங்கைத் தொட்டதும் விரியும் முனைகள் பறக்கும்போது சாதாரணப் பயிற்சி முனையைப் போலவே பறக்கின்றன. விரிந்ததும் இரண்டு அங்குலம் வரை அகலமாக அறுக்கின்றன. அலகு அசையாமல் நிலையாக இருக்கும் நிலையலகு முனைகளோ முன்பக்கச் சிறகு போலக் காற்றைப் பிடித்து அம்பைத் திருப்புகின்றன. அப்படியிருக்க ஏன் நிலையலகு?

நாகமலை ஆசான்

அலகுகளை விரிக்கவும், அவ்வளவு அகலமாக அறுத்துக்கொண்டு போகவும் ஆற்றல் செலவாகிறது. 70 பவுண்டு இழுத்து, 30 அங்குல இழுநீளம் உள்ளவருக்கு அந்தச் செலவைத் தாங்க மிச்சம் இருக்கும். தம்பியின் வில்லுக்கு, கடமானின் தோளை ஒட்டிய தடித்த பகுதியில், மிச்சம் இருக்காது. சரிவாகப் பட்டால் ஓர் அலகு முன்னே விரிந்து அம்பையே திசைதிருப்பவும் கூடும். நிலையலகு முனை காற்றைப் பிடிக்கிறது என்பது உண்மை. ஆனால் அம்பு நேராகச் சென்றால் பிடிப்பதற்கு எதுவும் இல்லை. நிலையலகு தவறாகப் போகிறது என்றால், அமைப்பில் இருந்த குறையை அது காட்டிக்கொடுக்கிறது. விரியும் முனை அந்தக் குறையை மறைத்துவிடும்; குறை அப்படியே இருக்கும்.

மேலே சொன்ன ஆழம் ஏன் வேண்டும் என்பதையும் தம்பி புரிந்துகொள்ள வேண்டும். அம்பு மறுபக்கம் வெளியேறினால் துளை இரண்டு. மேட்டிலிருந்து எய்தால் நுழைந்த துளை மேலே இருக்கும். இரத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே தேங்கிவிடும். கீழே ஒரு துளை இருந்தால்தான் தரையில் தடம் விழும். அந்த மலைக்காடுகளில் பெரணியும் புதரும் அடர்ந்த சரிவில் நூறு மீட்டர் ஓடிவிட்ட மானைத் தடம் இல்லாமல் தேடுவது கடினம். கண்டுபிடிக்க முடியாமல் ஒரு விலங்கைச் சாகவிடுவதைவிட எய்யாமல் திரும்புவது மேல்.

மேலூர் வில்லாளி

நிலையலகை ஏற்றுக்கொள்கிறேன். எடையில் மட்டும் 450 கிரெயின் போதும் என்பதே இன்னும் என் கருத்து. 125 கிரெயின் முனையும் இலகுவான இன்செர்ட்டும் போட்டால் ஏறத்தாழ அந்த அளவு வரும்; வேகம் 248 அடியை ஒட்டி நிற்கும். தம்பி இரண்டையும் எய்து பார்த்து முடிவெடுக்கட்டும்.

திருநகர்க்காரன்

அனைவருக்கும் நன்றி. 340 தண்டில் இரண்டு அமைப்புகளையும் தயாரிக்கிறேன். எது காகிதத்தில் சுத்தமாகத் துளைக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறேன். மூன்று அலகு முனையா, இரண்டு அலகு முனையா என்பதும், வேன்கள் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதும் மட்டும் தெளிவாகவில்லை. எவ்வளவு தொலைவு வரை எய்யலாம் என்பதையும் ஆசான் சொல்ல வேண்டும்.

நாகமலை ஆசான்

நீளம் அகலத்தைப்போல் இரு மடங்குக்கு மேல் உள்ள, குறுகிய இரண்டு அலகு முனையைத் தேர்ந்தெடுங்கள். விலாவைப் பிளக்க அதற்குக் குறைந்த விசை போதும். மூன்று அலகு முனை கூடுதலாக அறுக்கும் என்பதை மறுக்கவில்லை. உங்கள் இழுவிசைக்கு ஆழமே முக்கியம். வேன்கள் மூன்று, ஒவ்வொன்றும் மூன்று அங்குலத்தை ஒட்டி, நல்ல வலச்சுழலில். பலகைப் போட்டிக்கு ஒட்டும் சிறு வேன்கள் வேட்டை முனையை அடக்கப் போதாது.

முனையைத் திருகியதும் அம்பை நிமிர்த்தி, முனையின் நுனியை நகத்தில் நிறுத்தாமல் ஒரு மரத்துண்டில் நிறுத்திச் சுழற்றுங்கள். முனையும் தண்டும் சேரும் இடம் ஆடினால், தண்டின் வெட்டுமுகம் சதுரமாக இல்லை அல்லது இன்செர்ட் சாய்வாக ஒட்டியிருக்கிறது. தேய்த்துச் சரிசெய்யுங்கள், ஆட்டம் நிற்காவிட்டால் அந்த அம்பைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். தண்டுகளுக்கு எண் இடுங்கள். பிறகு 20 மீட்டரில் பயிற்சி முனை ஒன்று, வேட்டை முனை ஒன்று என்று மாற்றி மாற்றி எய்யுங்கள். வேட்டை முனைகள் எப்போதும் வலப்பக்கம் விழுந்தால் அம்பு தாங்கியை மயிரிழை அளவு இடப்பக்கம் நகர்த்துங்கள். இரண்டும் ஒரே இடத்தில் விழும்வரை இதை விடாதீர்கள். ஒவ்வொரு முறையும் எய்வதற்கு முன் கார்பன் தண்டை மெல்ல வளைத்து, காதருகே வைத்து விரிசல் ஒலி வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் நாணில் பொருத்த வேண்டும். விரிசல் விட்ட தண்டு நாணை விடும்போது சிதறினால் வில் பிடித்த கைக்குள் பாயும்.

தொலைவு 30 மீட்டருக்குள். அதுவும் மான் பக்கவாட்டிலோ, உங்களிடமிருந்து சற்று விலகித் திரும்பியோ நின்றால் மட்டும். முன்காலின் முழங்கை மடிப்புக்குச் சற்றுப் பின்னால், உடலின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் குறிவையுங்கள். தோள் எலும்பு அங்கு மறைக்காது. உங்களைப் பார்த்தபடி நிற்கும் மானின் மீது எந்த எடை அம்பையும் எய்யக் கூடாது. எய்த பின் அரை மணி நேரம் இருந்த இடத்திலேயே இருங்கள். அம்பில் வயிற்றுக் குடல் நாற்றம் வந்தால் பல மணி நேரம் காத்திருங்கள்.

சனிக்கிழமை மாலை புதுத் தண்டுகளோடு திடலுக்கு வாருங்கள், தம்பி. தண்டு வெட்டும் ரம்பமும் காகிதச் சட்டமும் என்னிடம் இருக்கின்றன. பட்டறை அண்ணனும் சாணைக்கல்லோடு வந்தால் அன்றே முனைகளையும் பார்த்துவிடலாம்.

திருப்பாச்சேத்திப் பட்டறை

வருகிறேன், ஆசான். தோல்வாரும் எடுத்து வருகிறேன்.